இரைச்சல் நீக்கும் சங்கம்

மதுரையில் மூன்று சங்கங்கள் இருந்து தமிழை வளர்த்ததாகப் படித்திருக்கிறோம். நான்காவதையும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஐந்தாவது சங்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் இயங்கியதை மட்டும் வரலாறு எழுதுகிறவர்கள் விட்டுவிட்டார்கள். முதல் நான்கும் தமிழில் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தன. தமிழிலிருந்து வேண்டாததை எடுத்துப் போட்ட பெருமை ஐந்தாவதற்கே உரியது. அதன் பெயர் 'அகில உலக இல்லக் குரற்பதிவு மற்றும் பாடல் இயற்றல் ஆலோசனைச் சங்கம்'. நிறுவனர், தலைவர், செயலாளர், பேராசிரியர் எல்லாம் ஆண்டிச்சாமிதான். காலையில் கதவைத் திறந்து பெருக்குகிறவரும் அவரே. அதைப் பலகையில் எழுத இடம் போதவில்லை.

ஆண்டிச்சாமி அதற்குமுன் இருபது வருஷம் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று அவர் குரல் கேட்காத ஊர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. 'ஹலோ மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' என்பதற்கு மேல் அவர் பாடிக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று எண்களையும் சுருதி பிசகாமல் சொல்வார். துபாய்க்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. அதில் என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளை அழுவதையும் மாமனார் குறட்டை விடுவதையும் ஜனங்கள் பதிந்துகொண்டிருந்தார்கள். இந்த அறியாமையைக் கண்டு ஆண்டிச்சாமி மனம் நொந்தார். மைக்செட்டைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, 'வீட்டிலிருந்தே விண்ணை எட்டுங்கள்' என்ற கையேட்டைச் சைக்ளோஸ்டைலில் நகலெடுத்து வெளியிட்டார். மொத்தம் நாற்பத்திரண்டு விதிகள். முதல் விதி: 'இரைச்சலை நீக்கு'. மற்ற நாற்பத்தொன்றும் எது எது இரைச்சல் என்பதை விளக்கின.

தங்கப்பொண்ணு அந்தக் கையேட்டை வாங்கிய நாற்பதாவது ஆளோ ஐம்பதாவது ஆளோ. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் கால் ஆபரேட்டர். இருபத்தாறு வயது. கோச்சடையில் வாடகை வீட்டில் தாயார் ராமக்காளோடு இருந்தாள். அவர்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதும், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்ததும் அவள்தான் முதல். சொந்த ஊர் திருவாதவூர்ப் பக்கம், பெரிய கண்மாய்க்குக் கீழே ஒரு சின்னக் குடியிருப்பு.

அவளுடைய அப்பா அந்தக் கண்மாயில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். எழுபத்தேழாம் வருஷத்துப் பெருமழையில் கண்மாய் ததும்பியது. மரமொன்று வந்து மடையை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வெளியேறாவிட்டால் கரை உடையும். உடைந்தால் கீழே இரண்டு ஊர் போய்விடும். அவரைக் கூப்பிட்டு விட்டார்கள். மூன்று தடவை மூழ்கினார். மூன்றாவது தடவை மடை திறந்தது, கரை பிழைத்தது. அவரை மறுநாள் மத்தியானம் வயலுக்குள் கண்டெடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கரைமேல் ஒரு கல் நட்டார்கள். 'கரையைக் காத்த பெரியோர்' என்று அதில் ஒன்பது பேர் பெயர் இருந்தது. முதல் பெயர் பேயாண்டி. ஊரில் பாதி நிலம் அவருடையது. வெள்ளத்தன்று அவர் மதுரையில் மைத்துனர் வீட்டில் இருந்தார். பத்தாவது பெயருக்குக் கல்லில் இடம் இருந்தது. பெயர்தான் இல்லை.

தங்கப்பொண்ணு ஒரு பாட்டுக் கட்டினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் ஊர் பேர்களைத் திருத்தமாகச் சொல்லுகிறவளுக்கு, ஒரு பேரை ஒருதடவையாவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

*மடையைத் தெறக்கப் போன கருப்பு*
*மறுபடி மேலே வரலையே*
*கரைய நிப்பாட்டி வச்ச கருப்பு*
*கரையில வந்து நிக்கலையே*

இப்படிப் பதினோரு இடத்தில் அப்பாவின் பெயர் வரும். வீட்டில் பாடிப் பார்த்தாள். அடுப்படியில் ராமக்காள் கையில் வைத்திருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை ஒழுங்காகப் பதிய வேண்டும் என்று தங்கப்பொண்ணு தீர்மானித்தது அப்போதுதான். ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டேப்ரிக்கார்டர் வாங்கினாள். சங்கத்தில் உறுப்பினர் ஆனாள்.

ஆண்டிச்சாமி கடமையில் குறை வைக்கிறவர் இல்லை. ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் 'தள ஆய்வு'க்கு நேரில் போவார். கோச்சடைக்கு வந்தவர் செருப்பைக் கழற்றியதும் கை தட்டினார். ராமக்காள் பயந்துபோய் எழுந்து நின்றாள். முன்னறையில் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, 'உலர்ந்த ஒலி' என்று குறித்துக்கொண்டார். அடுப்படியில் தட்டி, 'புளித்த ஒலி' என்றார். குளியலறையில் மூன்று தடவை தட்டிவிட்டு, இங்கே பாடினால் குரலுக்குக் கம்பீரம் வரும், ஆனால் கேட்பவருக்குச் சளி பிடிக்கும் என்று எச்சரித்தார். தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்றார். தண்ணீர் குரலுக்குக் கெடுதலா என்று தங்கப்பொண்ணு கேட்டாள். "எனக்குக் கெடுதல்மா," என்றவர், அவர்கள் வீட்டுச் செம்பைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஆண்டிச்சாமி எந்த வீட்டிலும் சுவாசத்தைக்கூட அளந்துதான் எடுப்பார் என்று நாம் கொள்ள வேண்டும். மேலத்தெருவில் இன்னொரு உறுப்பினர் வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் அவர் இரண்டு டம்ளர் காப்பி குடித்தது ஆராய்ச்சிக்காக இருக்கலாம்.

ஆய்வின் முடிவில் பீரோவே உகந்த இடம் என்று தெரிந்தது. துணிகளை ஒருபக்கம் ஒதுக்கி, கதவைத் திறந்து வைத்து, தலையை உள்ளே விட்டுப் பாட வேண்டும். முதுகுப்பக்கம் கோணிச்சாக்கு தொங்க வேண்டும். ஜன்னலுக்கு மெத்தை. மின்விசிறி கூடாது. குடும்பத்தார் இருமக் கூடாது. கையேட்டின் பதினேழாம் விதி இதைக் 'குடும்ப இரைச்சல்' என்றது. கோழி, ஆடு, பால்காரர் எல்லாம் பதினெட்டாம் விதியின்கீழ் வந்தார்கள்.

சித்திரை மாதம். கோச்சடையில் வெயில் ஓட்டைப் பிளந்தது. தங்கப்பொண்ணு வேலை முடிந்து வந்து பீரோவுக்குள் தலையை விட்டாள். ராமக்காள் வெளியே நின்று சாக்கைத் தூக்கிப் பிடித்தாள். இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா சீனியம்மாள் ஒருநாள் எட்டிப்பார்த்து, பிள்ளைக்குப் பேய் ஓட்டுகிறீர்களா என்று அக்கறையாக விசாரித்தாள். நாலாவது நாள் தங்கப்பொண்ணு பீரோவுக்குள்ளேயே மயங்கிச் சரிந்தாள். சங்கத்துக்கு எழுதியபோது, மயக்கம் வருவது மூச்சுப்பயிற்சி பலிப்பதன் அடையாளம் என்று பதில் வந்தது.

குரலைத் திருத்தியானதும் பாட்டைத் திருத்தும் படலம் தொடங்கியது. சங்கத்தின் முத்திரையோடு கடிதம் வந்தது.

'பார்வை: தாங்கள் அனுப்பிய பாடல். பொருள்: மேற்படி பாடலில் உள்ள பொருள். தங்கள் பாடல் பரிசீலிக்கப்பட்டது. முதல் வரியில் மடை வருகிறது. இது ஒலிவாங்கிக்குக் கனமான சொல். குழல் எனத் திருத்தவும். இரண்டாம் வரியில் ஓர் ஆள் இறந்துபோவதாகத் தெரிகிறது. தவிர்க்கவும்.'

அவள் மடையை எடுத்தாள். குரலே கேட்காமல் போவதைவிட ஒரு சொல் குறைவது பரவாயில்லை என்று நினைத்தாள். அடுத்த கடிதத்தில் கண்மாய் போயிற்று. 'கேட்பவர்களில் கண்மாய் இல்லாத ஊர்க்காரர்களும் இருப்பர்.' அதற்கடுத்ததில் மழை போயிற்று. இறந்துபோன ஆளுக்குப் பதில் நிலா மறைவதாகக் காட்டலாம் என்று யோசனை வந்தது. கடைசியில் மிச்சம் நின்றது அப்பாவின் பெயர் ஒன்றுதான். அதற்குக் கடிதம் போதாது என்று ஆண்டிச்சாமி நேரிலேயே வரச் சொன்னார்.

"கருப்புன்னு வருதேம்மா பதினோரு எடத்துல," என்றார். "மைக் முன்னால 'ரு'வும் 'ப்பு'வும் முட்டும். கண்ணன்னு போட்டா வழுக்கிட்டுப் போகும்."

"அது எங்க அப்பா பேரு சார்."

"இருக்கட்டும். பெத்த அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா? கேட்கிறவுக என்ன நினைப்பாக?"

தங்கப்பொண்ணு மேஜையில் விரித்திருந்த கையேட்டை மூடி வைத்தாள். "ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சார் கூப்பிட்டாக. பால்குடி மறக்காத பிள்ளைகூட ஏ கருப்புன்னுதான் கூப்பிடும். கூப்பிடத்தான் அம்புட்டுப் பேர் இருந்தாக. எழுதத்தான் ஆள் இல்ல."

ஆண்டிச்சாமி இதை மிகவும் ரசித்தார். பேசுவதற்கு நல்ல வசனம், பாட்டுக்கு ஆகாது என்று அன்போடு சொன்னார். ஆவணியில் சங்கத்தின் முதல் மாநாடு நடக்கப்போகிறது, கேசட் போடுகிறவர்கள் வருகிறார்கள், பெயர் ஒன்றுக்காக வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவள் கண்ணனை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

*வட்ட நிலாவே வாராயோ – கண்ணன்*
*வாசக் குழலைத் தாராயோ*

இதுதான் திருத்திய பாட்டு. பீரோவுக்குள் பாடிப் பதிந்து, தாயாருக்குப் போட்டுக் காட்டினாள். இரைச்சலே இல்லை. ராமக்காள் கடைசிவரை கேட்டாள். டேப் ஓடி முடிந்து பட்டன் தானாகத் தெறித்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இதுல உங்க அப்பா எங்கன இருக்காரு?"

தங்கப்பொண்ணு கேசட்டை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். ஆனாலும் மாநாட்டுக்குப் போனாள். திருத்திய கேசட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். இதை மறைத்து அவளை வீராங்கனை ஆக்குவதில் நமக்கு விருப்பமில்லை.

மாநாடு ஆரப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நேரில் பாடுவது நாகரிகமற்ற பழக்கம் என்பதால் உறுப்பினர்கள் கேசட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இருபத்து மூன்று உறுப்பினர்கள். முதல் கேசட்டில் நிலா வந்தது, கண்ணன் வந்தான், குழல் வந்தது. கைதட்டினார்கள். இரண்டாவதிலும் அவர்களே வந்தார்கள். மில் தொழிலாளி மருது ஆலை மூடியதைப் பற்றி எழுதியிருந்த பாட்டு, திருத்தப்பட்டு நிலாவாக வந்தது. சோலை என்ற வாத்தியார் தன் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாததை எழுதியிருந்தார். கூரை இல்லாததால் நிலா நேராகவே வந்தது. ஒன்பதாவது கேசட் ஓடும்போது யாருடைய பாட்டு எது என்பது பாடியவர்களுக்கே விளங்கவில்லை. ஒருவர் கேசட்டுக்கு இன்னொருவர் குடும்பம் கண்ணீர் விட்டது. ஆண்டிச்சாமி மைக்கைப் பிடித்து, இருபத்து மூன்று உள்ளங்களில் ஒரே உணர்ச்சியை உண்டாக்கியிருப்பதாக அறிவித்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

தங்கப்பொண்ணு மேடை ஏறியது பதினான்காவதாக. ஏறிய பிறகுதான் தலைமை நாற்காலியில் இருந்தவரை நெருக்கத்தில் பார்த்தாள். மாலை போட்டு உட்கார்ந்திருந்தவர் பேயாண்டி. மண்டபம் பிடித்துக் கொடுத்தவர், சங்கத்தின் புரவலர். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கண்மாய்க்குக் கீழே இருந்த வீடுகளில் அவர் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை.

கேசட்டைப் பெட்டிக்குள் போடக் குனிந்தாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு வாயைத் திறந்து பாடினாள். மடையும் மழையும் கண்மாயும் திரும்பி வந்தன. பதினோரு தடவை கருப்பும் வந்தார். கூடத்தில் பிள்ளைகள் அழுதன, பந்திக் கூடத்தில் அண்டா உருண்டது, வெளியே திருமங்கலம் பஸ் ஹாரன் அடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே அவள் குரல் கேட்டது. முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் மருது மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

பேயாண்டி முகத்தில் கோபம் இல்லை. ஆண்டிச்சாமியைக் கிட்டக் கூப்பிட்டு, அவளுக்குக் கேட்கும்படியே மெதுவாகச் சொன்னார்: "நல்லாப் பாடுது பிள்ள. அந்தப் பேரை மட்டும் எடுத்துருங்க."

மேடை ஓரத்தில் மாநாட்டு நடவடிக்கைகளைப் பதிந்துகொண்டு சங்கத்தின் டேப்ரிக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

தை மாதம் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவள் குரலை அவளே கேட்டாள். டிரைவருக்குத் தலைக்கு மேல் மாட்டியிருந்த ஸ்பீக்கரில், அவள் மாநாட்டில் பாடிய பாட்டு தொடங்கியது. 'மடையைத் தெறக்கப் போன' என்றதும் பாட்டு நின்றது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, 'மறுபடி மேலே வரலையே' என்று தொடர்ந்தது. கேசட் தேய்ந்துவிட்டது என்று கண்டக்டர் பெட்டியைத் தட்டினார். அடுத்த வரியிலும் நின்றது. பதினோரு தடவை நின்றது. போனவர் யார், வராதவர் யார் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் கடையில் ஒரு கேசட் வாங்கிப் பார்த்தாள். அட்டையில், 'பாடல், இசை, பதிவு: ஆண்டிச்சாமி. புரவலர்: பேயாண்டி. குரல்: மாணவி ஒருவர்' என்று இருந்தது.

அன்று வேலைக்குப் போகாமல் நேரே சங்கத்தின் மாடி ஏறினாள். ஆண்டிச்சாமி அவளை மகிழ்ச்சியோடு வரவேற்றார். தன் மாணவியின் குரல் பஸ்களில் ஒலிப்பது தமக்குப் பெருமை என்றார். தங்கப்பொண்ணு கேசட்டை மேஜைமேல் வைத்தாள். நடுநடுவே பாட்டு நிற்கிறதே, அங்கே என்ன இருந்தது என்று கேட்டாள்.

"அதுவா? இரைச்சல்மா," என்றார் ஆண்டிச்சாமி. "ராவும் பகலும் உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன்."

அவர் உழைத்தது உண்மை. ஒரு மனிதரைப் பதினோரு இடத்தில் பிசிறில்லாமல் வெட்டி எடுப்பது லேசான வேலை இல்லை. தங்கப்பொண்ணு அவரிடம் சண்டை போடவில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடந்ததைத் தாயாரிடம் சொன்னாள். போலீஸுக்குப் போகலாமா, கடுதாசி எழுதலாமா என்று இருவரும் பேசிப் பார்த்தார்கள். பேர் இல்லாததற்கு என்ன பிராது எழுதுவது என்று தெரியவில்லை. ராமக்காள், அந்தப் பொட்டியில் பாட்டு நிற்கிற இடத்தில் வேறு யாராவது பேசினால் ஏறுமா என்று கேட்டாள். ஏறும் என்றாள் மகள். "அப்பப் போடு," என்றாள் ராமக்காள்.

கேசட்டின் முதுகில் இருந்த பல்லை, யாரும் மேலே பதியாதபடி, சங்கம் உடைத்துவிட்டிருந்தது. தங்கப்பொண்ணு அந்த ஓட்டையில் காகிதத்தை உருட்டித் திணித்தாள். மெத்தையை மாட்டவில்லை, ஜன்னலைச் சாத்தவில்லை. பாட்டு நிற்கிற இடத்தில் டேப்பை நிறுத்தி, பதிகிற இரண்டு பட்டனிலும் விரலை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

ராமக்காள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கட்டிய நாளிலிருந்து அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம்கூட, 'எங்க எல்லைச்சாமி பேருதான்' என்று சொல்லி, அவர் ஐந்தாறு சாமி பெயர்களைச் சொல்லித் தோற்ற பிறகே விஷயம் முடிந்தது. இப்போது தொண்டையைச் செருமினாள், மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள், பட்டன் இறங்கியதும் இருமினாள்.

"கருப்பு," என்றாள்.

போட்டுக் கேட்டார்கள். தங்கப்பொண்ணுவின் குரலில், 'மடையைத் தெறக்கப் போன' என்று வந்தது. உடனே ஒரு இருமல், பக்கத்து வீட்டுச் சேவல், பால்காரர் மணி, அதற்கு நடுவே ராமக்காள். பிறகு பழையபடி பாட்டு. தங்கப்பொண்ணு அழுதாள். ராமக்காள் அழவில்லை. "இன்னும் பத்து இருக்கு," என்றாள்.

அன்றிலிருந்து ராமக்காளுக்கு அதே வேலை ஆயிற்று. ஒயர் கூடையில் டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு, சங்கத்தின் கேசட் இருக்கிற இடம் தேடிக் கிளம்பிவிடுவாள். மகளுக்கு லீவு உள்ள நாளில் மகளோடு, இல்லாத நாளில் தனியாக. பட்டனை அழுத்த அவளே பழகிக்கொண்டாள். டீக்கடைக்காரர் சுடலை முதலில் முழித்தார், போட்டுக் கேட்டதும் தன்னிடம் இருந்த இன்னொரு கேசட்டையும் எடுத்துக் கொடுத்தார். பஸ் டிரைவர் கொடுத்தார். மருது மில் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் வாங்கிவந்து கொடுத்தார். டீக்கடையில் பதிந்ததில் டம்ளர் கழுவுகிற சத்தம் இருந்தது, பஸ் ஸ்டாண்டில் பதிந்ததில் மேலூர், மேலூர் என்ற கூப்பாடு இருந்தது. ஒரு கேசட்டைப் போல் இன்னொன்று இல்லை. மாசியில் ஊர்த் திருவிழாவுக்கு மைக்செட் கட்டிய ஆண்டிச்சாமியின் தம்பிக்கு விவரம் தெரியாது. டீக்கடைக் கேசட்டை வாங்கிக் கண்மாய்க் கரையில் நாலு குழாய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். ஒன்பது பெயர் எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு ஊரும் பத்தாவது பெயரைக் கேட்டன. பதினோரு தடவை, ராமக்காளின் இருமலோடு. பேயாண்டி பாதித் திருவிழாவில் எழுந்து வீட்டுக்குப் போனார்.

மறுவாரம் சங்கத்தின் சார்பில் மஞ்சள் காகிதத்தில் நோட்டீஸ் அச்சாகி, ஆரப்பாளையம் பஸ் நிலையத்துத் தூண்களில் ஒட்டப்பட்டது. அமரத்துவம் பெற வேண்டிய அந்த வாசகத்தை அப்படியே தருகிறோம்:

'எச்சரிக்கை. எமது ஒலிநாடாவைப் போன்ற போலிகள் நடமாடுவதாக அறிகிறோம். ரசிகப் பெருமக்கள் வாங்குமுன் முழுவதும் கேட்டுப் பார்த்து வாங்கவும். எமது அசல் ஒலிநாடாவில் செத்தவர் யார் என்று கேட்காது. கேட்டால் அது போலி.

இங்ஙனம், பேராசிரியர் ஆண்டிச்சாமி.'